நாற்பதாம் நம்பர் மஞ்சள் கார்

எர்ணாவூர்
நவம்பர் 5

அன்புள்ள அனம் அக்காவுக்கும், அக்காவுக்கு முன்பே இந்தக் கடிதத்தைப் பிரித்துப் படிக்கும் பிரியமுள்ள வார்டன் அஜீசுன்னிசா மேடத்துக்கும், தம்பி ஜீஷானின் ஸலாம்.

இங்கே அம்மா நலம், மாமு நலம், நான் ரொம்ப நலம். அங்கே நீ நலமா, உன் வயிறு நலமா? பிரியாணிக்குப் பேர்போன ஆம்பூருக்குப் போய் தினமும் உப்புமா சாப்பிடும் ஒரே ஆள் நீதான்.

பன்னிரண்டாம் வகுப்புக்குப் போன் கூடாது, கடிதம் மட்டும்தான் என்று உங்கள் ஹாஸ்டல் சொன்னதில் எனக்குத்தான் நஷ்டம். தமிழ் ஐயாவுக்கே நான் இவ்வளவு எழுதியதில்லை.

நீ கேட்ட ரேஸ் ரிசல்ட்: எட்டு, பதினொன்றாவது. பதின்மூன்று, நான்காவது. நாற்பது, வழக்கம்போல.

வார்டன் மேடம், இது ரகசியக் குறியீடு இல்லை. எங்கள் மாமு நசீர், பர்மா பஜாரில் ஒரு பழைய கேம் பெட்டி வாங்கி வந்தார். அதில் ஒரு கார் ரேஸ். நாற்பது கார்கள் முட்டை வடிவ மைதானத்தை இடப்பக்கமாகவே சுற்றிச் சுற்றி வரும், வலப்பக்கம் திரும்பவே திரும்பாது. கட்சியில் சேராமலே அத்தனை பேரும் இடதுசாரிகள். ஒரு சீசனுக்கு முப்பத்தாறு ரேஸ். அதை மூன்று பேரும் சேர்ந்து தொடங்கினோம். அக்கா எட்டாம் நம்பர் பச்சை, நான் பதின்மூன்றாம் நம்பர் கறுப்பு, மாமு நாற்பதாம் நம்பர் மஞ்சள். மாமு ஆர்பருக்கு டிரெய்லர் ஓட்டுபவர். நாற்பதடி கன்டெய்னரை இழுத்தவருக்கு வேறு எந்த நம்பர் பிடிக்கும்? அக்கா ஊரில் இல்லாதபோது அவள் காரை நானே யோக்கியமாக ஓட்டி ரிசல்ட் எழுத வேண்டும் என்பது உத்தரவு.

நேற்றும் மாமு கடைசி. "பிரேக்க வுடுங்க மாமு" என்றேன். "வளைவுல பிரேக் போடாம இன்னாடா போடுவாங்க, கோலமா?" என்றார். அப்புறம் கையிலிருந்த கன்ட்ரோல் பேடைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இதுல இன்டிகேட்டர் எங்க கீது?" என்றார். பின்னால் வந்த கார் இடித்துவிட்டுப் போனதும் அதற்கு வழிவிட்டு, "போ நைனா, போ. உனுக்கு இன்னா அவசரமோ" என்றார்.

உன் படிப்பு எப்படிப் போகிறது? பிசிக்ஸைப் பிசகாமல் படி.

இப்படிக்கு,
நான்காவதாக வந்தும் தலைக்கனமில்லாத
ஜீஷான்

✦

ஆம்பூர்
நவம்பர் 14

அன்புத் தம்பிக்கு வ அலைக்கும் ஸலாம்.

நான் நலம். அம்மாவுக்கு முதுகுவலி எப்படி இருக்கிறது? மிஷினில் நிமிராமல் தைக்க வேண்டாம் என்று சொல். மாமு வேளைக்குச் சாப்பிடுகிறாரா?

மேடம் உன் கடிதத்தைப் படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டு, "உங்க மாமு ஒரு தடவகூட ஜெயிச்சதில்லையா?" என்று கேட்டார். இல்லை என்றேன். சிரித்தார். அவர் சிரித்து நாங்கள் பார்ப்பது இந்த வருடத்தில் இதுதான் முதல் முறை. அதனால் உனக்கு என் ரூமில் நல்ல பேர்.

இரண்டு விஷயம். என் காரை வைத்து அடுத்தவனை இடிக்காதே. போன வருடம் மாதிரி, மாமு டீ குடிக்கப் போன நேரத்தில் அவர் காரை நீ ஓட்டி ஜெயிக்க வைக்கும் வேலையும் வேண்டாம். அன்று அவர் எவ்வளவு கோபப்பட்டார்? "நான் ஓட்டாத வண்டி ஜெயிச்சா எனுக்கு இன்னாடா பெரும?" என்றாரே. அவர் கடைசியில் வருவது அவர் இஷ்டம்.

இன்னொன்று. மழைக்காலத்தில் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் வைக்காதீர்கள், தரையில் ஓதம் ஏறும். மாமுவிடம் சொல்லிப் பரணில் ஏற்று. நான் வந்து மீதி ரேஸை ஆட வேண்டும்.

அம்மாவுக்கும் மாமுவுக்கும் என் ஸலாம்.

அனம்

✦

எர்ணாவூர்
நவம்பர் 26

அன்புள்ள அக்காவுக்கும், சிரிக்கத் தெரிந்த வார்டன் மேடத்துக்கும் ஸலாம்.

அம்மா நலம், முதுகு அரை நலம். மாமு நலம். நான் நலமோ நலம். நீயும் அப்படியே இருக்க துஆ.

பெட்டியைப் பற்றிச் சொன்னேன். "நாளைக்கு ஏத்துறேன்னு பாப்பாகிட்ட எய்து" என்றார் மாமு. எழுதிவிட்டேன். இதே பதிலை நாலு நாளாகச் சொல்கிறார். பெட்டி இன்னும் கட்டிலுக்கு அடியில்தான்.

இந்த வாரம் மாமுவின் கிளீனர் மாசானம் அண்ணனும் ஆட்டம் பார்க்க வந்தார். மாமு பக்கத்தில் உட்கார்ந்து, பழக்க தோஷத்தில் கட்டிலைத் தட்டி "போலாம் ரைட்" என்றார். இந்த ரேஸில் ரைட்டே கிடையாது என்று நான் சொன்னதற்கு அவர் சிரிக்கவில்லை. மாமு மட்டும் சிரித்தார். அதற்காகவே அவருக்கு ஒரு டயர் மாற்றிக் கொடுத்தேன். மேடம், ரேஸுக்கு நடுவே நிறுத்தி டயர் மாற்றுவதற்குப் பேர் பிட் ஸ்டாப். எங்கள் பள்ளியில் பிட் பிடிபட்டால்தான் ஸ்டாப்.

நடுவில் ஏழெட்டுக் கார்கள் மோதி நொறுங்கின. உடனே மஞ்சள் கொடி. எல்லாரும் ஒரு காருக்குப் பின்னால் வரிசையாக, முந்தாமல், ஊர்ந்து போக வேண்டும். மாமுவுக்கு ரேஸிலேயே பிடித்தது அதுதான். "இப்பதான்டா ரோடு மாரி கீது. ஆர்பர் கேட்டுக்கு நாங்க நிக்கிறாப்ல, ஒருத்தன் பின்னாடி ஒருத்தன். பேஜாரே இல்ல" என்றார்.

எட்டு, ஒன்பதாவது. யாரையும் இடிக்கவில்லை, அல்லாஹ் மேல் ஆணை. பதின்மூன்று, இரண்டாவது. நாற்பது, சொல்ல வேண்டுமா?

புயல் வரப்போகிறதாம். நாலு நாள் லீவு கிடைக்கும் என்று சந்தோஷமாக இருக்கிறேன்.

ஜீஷான்

✦

ஆம்பூர்
டிசம்பர் 10

அன்புத் தம்பிக்கு ஸலாம்.

எல்லாரும் நலமா? உடனே எழுது.

பேப்பரில் எர்ணாவூர் பேர் வந்திருந்தது. மழைத் தண்ணீரோடு எண்ணெயும் சேர்ந்து வீடுகளுக்குள் வந்துவிட்டது என்று போட்டிருந்தார்கள். மேடம் என்னை ஆபீஸுக்குக் கூப்பிட்டார். "உங்க அம்மா போன் பண்ணாங்க. எல்லாரும் பள்ளிக்கூட மாடியில இருக்காங்க. நீ பாட்டுக்குப் படி" என்றார். சொல்லும்போது என் தலையைத் தடவினார். இதற்குமுன் தடவியதில்லை. என்னைப் பேச விடுங்கள் என்றேன். லைன் கிடைக்கவில்லை என்றார்.

வீட்டில் எவ்வளவு தண்ணீர்? அம்மாவின் தையல் மிஷின்? மாமு வண்டி எங்கே நின்றது? அரையாண்டு லீவிலும் எங்களுக்கு ஸ்பெஷல் கிளாஸ், விட மாட்டார்கள். எதையும் விடாமல் எழுது.

அனம்

✦

எர்ணாவூர்
டிசம்பர் 30

அன்புள்ள அக்காவுக்கு ஸலாம்.

இங்கு அனைவரும் நலம். அங்கு நீ நலமா?

தாமதத்துக்கு மன்னிக்கவும். பேனாவும் நனைந்துவிட்டது, பேனா பிடிப்பவனும் நனைந்துவிட்டான்.

வீட்டில் தண்ணீர் என் நெஞ்சு வரை. வடிந்த பிறகு சுவரில் நாலு பக்கமும் ஒரே உயரத்தில் கறுப்புக் கோடு. அதற்குக் கீழே இருந்ததெல்லாம் எண்ணெய், மேலே இருந்ததெல்லாம் வீடு. மிஷினை மண்ணெண்ணெய் போட்டுக் கழுவினோம், ஓடுகிறது. கட்டில், டிவி, என் புத்தகங்கள் எல்லாம் போயிற்று. புத்தகத்துக்காக நான் அழவில்லை என்பதை நீ நம்பலாம்.

கேம் பெட்டி பத்திரம். பரணில் இருந்தது. மாசானம் அண்ணன் வீட்டு டிவியில் மாட்டி ஆடுகிறோம். மாமு லோடுக்கு நடுவில் வந்துபோகிறார். இருபதாவது ரேஸில் எட்டு, பன்னிரண்டாவது. பதின்மூன்று, ஆறாவது. நாற்பது, கடைசி.

அம்மா உன்னை நன்றாகச் சாப்பிடச் சொல்கிறார்.

ஜீஷான்

✦

ஆம்பூர்
ஜனவரி 8

அன்புத் தம்பிக்கு ஸலாம்.

கடிதம் கையில் வந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. மூன்று வாரம் எழுதாமல் இருந்ததற்கு நேரில் உதை உண்டு.

மேடம் இப்போது உன் கடிதத்தைப் பிரிப்பதில்லை. ஒட்டியபடியே என் கையில் தருகிறார். இந்தத் தடவை உன் கடிதத்தில் மேடத்துக்கு ஸலாம் இல்லையே, சண்டையா?

பெட்டியை மாமு ஏற்றினாரா? எப்போது ஏற்றினார்? நான் சொன்னதைக் கேட்டதற்கு அவருக்கு ஒரு ஸ்பெஷல் ஸலாம். அம்மா அடுத்த மாதம் என்னைப் பார்க்க வரும்போது மாமுவையும் வரச் சொல். முடியாவிட்டால் உன் கடிதத்தின் அடியில் ஒரு கையெழுத்தாவது போடச் சொல். லைசென்ஸில் இருக்கிற அதே கோணல் கையெழுத்து போதும்.

அரையாண்டில் உயிரியலில் நான்தான் முதல். மாமுவிடம் சொல். மருந்துக்கடை ஊசியையே பார்க்கப் பயப்படுபவருக்கு என் கையால் ஊசி போடும் நாள் வருகிறது என்று சொல்.

அனம்

✦

எர்ணாவூர்
ஜனவரி 21

அன்புள்ள அக்காவுக்கு ஸலாம்.

இங்கு அனைவரும் நலம்.

நீ உயிரியலில் முதல் என்று படித்ததும் அம்மா உன் கடிதத்தை இரண்டு முறை படிக்கச் சொன்னார். போன வாரம் வீட்டில் நெய்ச்சோறு ஆக்கித் தெருவுக்கே கொடுத்தோம். சும்மாதான்.

இந்த ரேஸை மட்டும் நீ பார்த்திருக்க வேண்டும். தொடக்கத்திலிருந்தே மழை. முன் கண்ணாடியில் ஒன்றும் தெரியவில்லை. என் கறுப்பு, மூன்றாவது சுற்றிலேயே வழுக்கிச் சுவரில் சாய்ந்தது. உன் பச்சையைப் பத்திரமாக ஓரத்தில் ஓட்டினேன். மாமு எப்போதும்போல வளைவுக்கு வளைவு பிரேக் போட்டு, எல்லாருக்கும் வழிவிட்டு வந்தார். கடைசிச் சுற்றில் முன்னால் போன அத்தனை பேரும் ஒருவர்மேல் ஒருவர் ஏறி நின்றார்கள். நடுவில் ஒரு டிரெய்லர் போகிற அளவுக்குச் சந்து. மாமு அதில் மெதுவாக, ஒரு காரையும் உரசாமல் நுழைந்து வெளியே வந்தார். கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட கொடியை ஆட்டினார்கள். கூட்டம் முழுக்க எழுந்து நின்றது.

நாற்பது, முதலாவது.

மாமு பேடைக் கீழே வைத்தார்.

அவ்வளவுதான் அக்கா. நீ படி.

ஜீஷான்

✦

ஆம்பூர்
பிப்ரவரி 18

அன்புத் தம்பிக்கு ஸலாம்.

உன் கடிதம் கிடைத்தது. உடனே பதில் எழுத முடியவில்லை. பிராக்டிகல் இருந்தது.

அம்மா வந்துபோனார். வறுத்த மீன் கொண்டுவந்தார். மாமு தூத்துக்குடிக்கு லோடு போயிருப்பதாகச் சொன்னார். சரி என்றேன்.

நீ ரேஸை நன்றாக எழுதுகிறாய். ஒரு உதவி செய். பரீட்சை முடிகிறவரை மாமுவின் ரேஸை மட்டும் எழுது. என் கார் வேண்டாம், உன் கார் வேண்டாம். நாற்பது எப்படி ஓடியது, வளைவில் என்ன செய்தது, மாமு என்ன சொன்னார், அது போதும். ஒவ்வொரு பரீட்சைக்கும் முன்னால் ஒன்று படித்துவிட்டுப் போகிறேன்.

கையெழுத்து வேண்டாம். அவர் பிஸியாக இருப்பார்.

நீ சாப்பிடுகிறாயா?

அனம்

✦

எர்ணாவூர்
பிப்ரவரி 24

அன்புள்ள அக்காவுக்கு ஸலாம். இங்கு அனைவரும் நலம்.

நீ கேட்டபடி.

தமிழ்ப் பரீட்சைக்கு: மாமு கடைசி. வளைவில் பிரேக் போட்டார். கோலம் போடவில்லை.

இங்கிலீஷுக்கு: வர்ணனை செய்கிற வெள்ளைக்காரன் மாமுவைப் பார்த்து ஏதோ கத்தினான். "இன்னாவாம் இவனுக்கு?" என்றார் மாமு. மெதுவாகப் போகச் சொல்கிறான் என்று மொழிபெயர்த்தேன். "நல்ல மன்சன்" என்றார்.

பிசிக்ஸுக்கு: பெட்ரோல் தீர்ந்து மைதானத்தின் நடுவிலேயே நின்றார். மஞ்சள் கொடி விழுந்தது. எல்லாரும் அவரைச் சுற்றி மெதுவாகப் போனார்கள்.

கெமிஸ்ட்ரிக்கு: முப்பத்தெட்டாவது. அவருக்கே நம்ப முடியவில்லை.

உயிரியலுக்கு எழுதி எழுதிக் கிழித்தேன். மாமு வந்தார், ஓட்டினார். அவ்வளவு வைத்துக்கொள். உயிரியல் பரீட்சையை நீ என் ரேஸ் இல்லாமலே நன்றாக எழுதுவாய்.

நோன்பு வந்துவிடும். விடியலுக்கு முன் ஸஹர் சாப்பாட்டுக்கு எழுந்து வெறும் டீயோடு பரீட்சைக்குப் போகாதே.

ஜீஷான்

✦

ஆம்பூர்
மார்ச் 22

அன்புத் தம்பிக்கு ஸலாம்.

இன்று கடைசிப் பரீட்சை. நன்றாக எழுதினேன். இனிமேல் கேட்கலாம்.

ஜீஷான், நம் ரேஸில் மழையே கிடையாது. எத்தனை ரேஸ் ஆடியிருக்கிறோம், ஒரு சொட்டு விழுந்து பார்த்திருக்கிறாயா? அங்கே எப்போதும் வெயில்தான். "இந்த ஊர்ல மயயே பெய்யாதாடா, கொடுத்து வச்சவனுங்க" என்று மாமுவே சொல்வார். அந்தக் கடிதத்தைப் படித்ததும் நீ பெட்டியைத் தொடவே இல்லை என்று தெரிந்துவிட்டது. மாமுவை நீ ஜெயிக்க வைத்ததைப் படித்ததும் மற்றதும் தெரிந்துவிட்டது. அவர் இருந்திருந்தால் அவருக்குப் பயந்தாவது அப்படி எழுதியிருக்க மாட்டாய்.

அப்புறம் டிசம்பர் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். நீ எப்போதும் அம்மா நலம், மாமு நலம் என்று ஒவ்வொருவராகச் சொல்வாய். அதில் "அனைவரும் நலம்." அம்மா வந்தபோது மீனை ஒரு நீலப் பையில் கொண்டுவந்தார். மாமு லோடுக்குப் போகும்போது எடுத்துப்போகும் பை. அது இல்லாமல் அவர் தூத்துக்குடி போக மாட்டார். அம்மா என் முகத்தைப் பார்க்காமல் மீனில் முள் எடுத்துக்கொண்டே இருந்தார். நான் கேட்டால் அங்கேயே உடைந்துவிடுவார். பரீட்சைக்காகத்தானே இவ்வளவு பேரும் வாயை மூடிக்கொண்டிருக்கிறீர்கள், அதையாவது ஒழுங்காக எழுதுவோம் என்று நானும் மூடிக்கொண்டேன்.

நீ எழுதிய ரேஸ்களை ஹால் வாசலில் நின்று படித்தேன். உள்ளே போகிறவரை அவர் இருந்தார். அதற்காக உன்மேல் கோபமில்லை.

இன்று மதியம் மேடத்திடம் போய், எனக்குத் தெரியும் என்றேன். அவர்தான் அழுதார்.

அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை அம்மா அழைத்துப்போக வருகிறார். அதற்குள் நீ எழுது. எப்படி என்று அம்மாவிடம் நான் கேட்க முடியாது. நீ சொல். பெட்டி எப்படிப் பரணுக்குப் போனது என்று ஜனவரியில் கேட்டேன், அதற்கும் நீ பதில் எழுதவில்லை. அதையும் சொல்.

அனம்

✦

எர்ணாவூர்
மார்ச் 25

அன்புள்ள அக்காவுக்கு ஸலாம்.

அம்மா நலம். நான் நலம். அவ்வளவுதான், இரண்டு பேர். பொய் ரேஸ் எத்தனை வேண்டுமானாலும் எழுத முடிந்தது. "மாமு நலம்" என்று மட்டும் எழுத முடியவில்லை. நீ அதைக் கண்டுபிடிப்பாய் என்று நினைக்கவில்லை.

புயல் அன்று மாலை தண்ணீர் முட்டிக்கு வந்ததும் மாமு எங்களைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனார். அம்மாவைத் தோளில் கைபோட்டு மாடி ஏற்றினார். ஏறியதும், "ரேஷன் கார்டு பையி வூட்லயே கீது. மெயினும் ஆஃப் பண்ணல. இதோ வந்துட்றேன்" என்றார். அம்மா சட்டையைப் பிடித்து இழுத்தார். "எல்லாம் போவட்டும், நீ போவாத" என்றார்.

இதை அம்மா உன்னிடம் ஒருபோதும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறார். ஆனால் வீட்டுக்குள் நுழைந்து நீ பரணைப் பார்த்தாலே போதும். மழை ரேஸில் என் பொய்யைப் பிடித்தவள் இதில் விடுவாயா? அதனால் நானே சொல்கிறேன். மாமு படியில் நின்று என்னைப் பார்த்து, "பாப்பா பெட்டி கட்டிலாண்ட கீதுடா. நாப்பது நனஞ்சா பரவால்ல. எட்டு நனையக் கூடாது" என்றார். சிரித்துக்கொண்டேதான் போனார். நானும் சிரித்தேன்.

திரும்பி வரும்போது தெருமுனையில் மின்கம்பி அறுந்து தண்ணீரில் கிடந்திருக்கிறது. மறுநாள் காலையில் மாசானம் அண்ணன்தான் பார்த்தார். பை கழுத்தில் மாட்டியபடி இருந்தது. பிளாஸ்டிக் உறைக்குள் இருந்ததால் கார்டு நனையவில்லை.

அவர் பையை எடுக்கவும் போனார், மெயினை அணைக்கவும் போனார், பெட்டிக்காகவும் போனார். நீ பெட்டியை மட்டும் எடுத்து உன்மேல் போட்டுக்கொள்ளாதே. அப்படிப் பார்த்தால் ரேஷன் கார்டில் என் பெயரும் இருக்கிறது.

நெய்ச்சோறு அவருடைய நாற்பதாம் நாள் பாத்திஹாவுக்கு ஆக்கியது. வந்தவர்கள் எல்லாரும் "நாப்பது ஆயிடுச்சா, நாப்பது ஆயிடுச்சா" என்றே கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த நம்பரைக் கேட்டுக் கேட்டு எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. அதன்பிறகுதான் அவரை முதலாவதாக வர வைத்தேன். அவருக்குப் பிடிக்காது என்று தெரியும். திட்டட்டும் என்றுதான் எழுதினேன்.

பெட்டி பரணில் அப்படியே இருக்கிறது. தார்பாய்த் துண்டில் சுற்றி, டிரெய்லர் கயிற்றால் கட்டியிருக்கிறார். எனக்கு அந்த முடிச்சு புரியவில்லை. மாசானம் அண்ணனை ஏறிப் பார்க்கச் சொன்னேன். "இது லோடு முடிச்சுடா. பாக்கத்தான் அப்டி கீது. இந்தச் சின்ன நுனிய இஸ்தா போதும், மொத்தமும் வுட்டுடும்" என்றார். இழுக்கப் போனார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

கஷ்டமான முடிச்சாக இருந்தால் இதற்குள் பல்லால் கடித்தாவது அவிழ்த்திருப்பேன் அக்கா. ஒரே இழுப்பில் போய்விடும் என்று தெரிந்த பிறகு தொட முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வா. நோன்பு திறந்த பிறகு ஏணி போடுகிறேன். நீ ஏறி இழு. நான் கீழே நின்று பிடித்துக்கொள்கிறேன்.

ஜீஷான்